விடை கொடாத வள்ளல்

பேய்ப்படம் என்றவுடன் நம்மவருள் படித்தோர் முகம் சுளிப்பர். அது பாமரர்க்குரிய பொழுதுபோக்கு என்பதும், அதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் அவர்தம் கருத்து. சில ஆண்டுகளுக்கு முன்வரை யானும் அக்கருத்தினனாகவே இருந்தேன். நண்பர்கள் வற்புறுத்த, ஒரு மழைக்கால இரவில் அவர்களோடு அமர்ந்து பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அக்கருத்தை மாற்றியது. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இம்மலரின் வாசகர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். அச்சத்தை இழிந்த உணர்வென்று தமிழ் இலக்கணம் ஒதுக்கவில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. பெருமிதத்துக்கும் உவகைக்கும் உரிய அதே வரிசையில் அச்சத்துக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வச்சம் பிறக்கும் நிலைக்களன்களையும் ஆசிரியர் நான்காக வகுத்தார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. அணங்கு வருத்தும் தெய்வம். விலங்கும் கள்வரும் வெளிப்படை. இறை என்பது தம்மை ஆளும் தலைவர். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அஞ்சுவதை யாரும் ஒப்புக்கொள்வர். ஆள்வோர்க்கு அஞ்சுவதையும் அதே நிரலில் வைத்த துணிவை எண்ணி வியவாமல் இருக்க முடியவில்லை. இந்நான்கனுள் எது கொடிது என்று ஆசிரியர் சொல்லவில்லை. யாம் பார்த்த படம் அதற்கு ஒரு விடை சொல்கிறது.

அப்படம் ‘பிரமயுகம்’. 15.2.2024 அன்று வெளிவந்த மலையாளப் படம். இயக்கியவர் ராகுல் சதாசிவன். ஒரு வீடு, ஒரு தாய், ஒரு மகன் என்னும் சிறிய வட்டத்துக்குள் ‘பூதகாலம்’ என்னும் படத்தை 2022இல் தந்தவர் அவர். ‘பிரமயுகம்’ படத்துக்கு உரையாடல் எழுதியவர் எழுத்தாளர் டி.டி. ராமகிருஷ்ணன், ஒளிப்பதிவு ஷெஹ்னாத் ஜலால், இசை கிறிஸ்டோ சேவியர். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு நிறமும் இல்லாத படம். ஏறத்தாழ இருபத்தெட்டுக் கோடி ரூபாய் செலவாயிற்று எனத் தயாரிப்பாளர் அறிவித்தார். நூறு கோடி, இருநூறு கோடி என்று பேசப்படும் இக்காலத்தில் இது சிறுதொகையே. அதனினும் சிக்கனமானது படத்தின் அமைப்பு. நினைவில் நிற்கும் பாத்திரங்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். கதை பெரும்பாலும் ஒரே பாழ்மனைக்குள் நடக்கிறது; வெளியே ஓயாத மழை.

அல்சூர் ஏரிக்கு அருகில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் அதனைப் பார்த்தோம். யாங்கள் நால்வர். ஒருவர் மலையாளி, ஒருவர் கன்னடர், ஒருவர் தெலுங்கர், நான்காமவன் யான். பெங்களூரில் அலுவலக நட்பு என்றால் இவ்வாறுதான் அமையும். விளக்கை அணைக்க வேண்டும் என்று மலையாள நண்பர் நிபந்தனை விதித்தார். முதல் பத்து நிமிடம் வழக்கம்போல் கேலி நடந்தது. “இன்னும் பேய் வரவில்லையே சார், பேருந்து கிடைக்கவில்லையோ?” என்றார் தெலுங்கர். அனைவரும் நகைத்தோம். பேய்ப்படத்தை நால்வராகப் பார்ப்பதன் பயன் இதுதான் என்று அப்போது எண்ணினேன். அந்நகை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

கதை பதினேழாம் நூற்றாண்டில் தென்மலபாரில் நிகழ்வது. தேவன் என்னும் பாணன் அடிமை வணிகர்களிடமிருந்து தப்பித் தோழன் ஒருவனோடு காட்டுக்குள் ஓடுகிறான். தோழனை யட்சிக்குப் பறிகொடுக்கிறான். பசியால் தளர்ந்து ஒரு பாழ்மனையை அடைகிறான். நம்பூதிரியரின் இல்லத்தை மலையாளத்தில் மனை என்பர். அம்மனையின் தலைவன் கொடுமண் போற்றி. மம்மூட்டி ஏற்ற பாத்திரம். அங்கே வேறு மனிதன் என்று ஒரு சமையற்காரனே உண்டு. போற்றி பாணனை வரவேற்கிறான், பாடச் சொல்கிறான், பாட்டைக் கேட்டு மகிழ்கிறான், உணவளிக்கிறான். ஆனால் வெளியே போக விடுவதில்லை.

பாணன், புரவலன், பாட்டு, விருந்து என்னும் இந்நான்கும் நமக்குப் புதியனவல்ல. பத்துப்பாட்டைப் பயின்ற எவர்க்கும் இக்காட்சி உடனே விளங்கும். வறுமையில் வாடிய கலைஞன் வள்ளலை நாடிச் செல்வதும், அவன் உணவும் உடையும் பொருளும் அளித்துப் போற்றுவதும், பரிசு பெற்றவன் எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்வதும் ஆற்றுப்படையின் மரபு. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்து சொல்லப்படுகிறது. இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிய பொருநன், ஊருக்குப் போக விடை கேட்கிறான். பிரிய மனமில்லாத மன்னன் சினந்தவன்போல வருந்தி, பின் யானைகளைத் தந்து அனுப்புகிறான்.

அந்த இறுதிச் செயலை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ‘பிரமயுகம்’ எஞ்சும். விருந்து உண்டு, பாராட்டு உண்டு, பிரிய மனமில்லாத தலைவன் உண்டு. விடை மட்டும் இல்லை. கரிகாலனை வள்ளல் என்று நாம் கொண்டாடுவது அவன் அளித்த ஊனுக்காக என்று நினைத்திருந்தேன். இப்படத்தைப் பார்த்தபின், அவன் வள்ளலானது விடைகொடுத்த அக்கணத்தில்தான் என்று தோன்றுகிறது. உணவளித்து நிறுத்தி வைத்துக்கொள்பவன் வள்ளலல்லன், உடையவன். படத்தின் இயக்குநர் பொருநராற்றுப்படையை மனத்திற்கொண்டு இதனை அமைத்தார் என்று யான் வாதிடவில்லை. பாணர் மரபு மலையாள மண்ணிலும் வாழ்ந்த மரபே. இரு மொழிக்கும் பொதுவான பழஞ்செல்வம். அம்மரபின் தலைகீழ் வடிவத்தைக் கண்டு மனம் துணுக்குறுவதற்குப் பத்துப்பாட்டைப் பயின்ற நாம் மற்றவரினும் தகுதியுடையோம் என்பதே என் கருத்து.

எங்கள் நகை நின்ற இடமும் அதுவே. போக விரும்பும் பாணனைப் போற்றி சூதாட அழைக்கிறான். வென்றால் போகலாம். பணயம் வைக்கப் பொருளில்லாதவனிடம் அவனுடைய காலத்தையே பணயமாகக் கேட்கிறான். பாணன் தோற்கிறான். அதன்பின் அவனுக்கு நாட்கணக்கு நழுவுகிறது, நினைவு நழுவுகிறது, வெளியே மழை பெய்துகொண்டே இருக்கிறது. அக்காட்சியில் பல்லும் நகமும் கொண்ட உருவம் எதுவும் வரவில்லை. ஒரு பலகை, சில காய்கள், எதிரே ஒரு முதியவனின் சிரிப்பு. அவ்வளவே. பேருந்தைப் பற்றிக் கேட்ட நண்பர் அதன்பின் படம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

தொல்காப்பியர் வகுத்த நான்கையும் இப்போது எண்ணிப் பார்க்கலாம். யட்சியும், மலையாள நாட்டார் வழக்கில் ஏவலுக்குரிய சாத்தனும் அணங்கு. இரவுக் காடு விலங்கின் இடம். மனிதரைப் பிடித்து விற்போர் கள்வர். இம்மூன்றுக்கும் தப்பியவன் நான்காவதான இறையிடம் வந்து சேர்கிறான். முன்னைய மூன்றிலிருந்தும் ஓடலாம், ஓடினான். நான்காவது, வா என்று அழைத்துச் சோறிடுகிறது. ஆதலின் அதனிடமிருந்து ஓடுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. அணங்கும் இறையும் ஒரே இருக்கையில் அமரும்போது அச்சம் முழுமையாகிறது. இதுவே இப்படத்தின் உயிர் என்பேன். அவ்விருக்கையில் அமர்ந்திருப்பவன் உண்மையில் யார் என்பதையும், கதை எவ்வாறு முடிகிறது என்பதையும் இன்னும் பார்க்காதவர்பொருட்டு இங்குக் கூறாது விடுகிறேன்.

இந்தச் சிந்தனை இப்படத்தோடு தோன்றியதன்று. நம் தமிழ்த்திரையிலேயே இதன் முன்னோடி உண்டு. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ மறுபிறவிக் கதை. நாயகன் கன்னடத் திரையின் பெருநடிகர் கல்யாண்குமார் என்பது பெங்களூர்த் தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நாயகி தேவிகா. அப்படத்தில் உடல் நடுங்க வைப்பது ஆவியன்று. முதுமையிலும் பகை மாறாத ஜமீன்தாராக நம்பியார் வரும் காட்சிகளே. ஒளிப்பதிவு செய்தவர் வின்சென்ட். அவரே அடுத்த ஆண்டில், 1964இல், ‘பார்கவி நிலையம்’ என்னும் மலையாளப் படத்தை இயக்கினார். அதுவே அவர் இயக்கிய முதல் படம். வைக்கம் முகம்மது பஷீர் தம் ‘நீலவெளிச்சம்’ சிறுகதையை விரித்துத் தாமே திரைக்கதை எழுதினார். பேய் வாழும் வீடு என்று ஊரார் ஒதுக்கிய இல்லத்தில் ஓர் எழுத்தாளன் குடியேறுகிறான். அங்கே இறந்த பெண்ணோடு மரியாதையாகப் பேசுகிறான். அவள் கதையை எழுதுகிறான். கொன்றவன் உயிரோடு உலவும் மனிதன் என்று அறிகிறான். பேய் நிரபராதி, மனிதனே கொடியவன். அறுபது ஆண்டு கழித்து, அதே மொழியில், அதே கறுப்பு வெள்ளையில் ‘பிரமயுகம்’ வந்தபோது, வின்சென்ட் ஏற்றிய விளக்கிலிருந்து ஏற்றிய மற்றொரு விளக்காகவே எனக்குத் தோன்றியது. பஷீரின் கதையை 2023இல் ஆஷிக் அபு வண்ணத்தில் மீண்டும் படமாக்கினார். அழகிய படமே. ஆயினும் வண்ணம் வந்தவுடன் இருட்டுக்கும் ஒரு நிறம் வந்துவிட்டது. இருட்டு இருட்டாக இல்லை.

கறுப்பு வெள்ளை பழமைப்பற்றினால் பூசப்பட்ட பூச்சு என்று சிலர் கூறுவர். அது முற்றிலும் தவறன்று. பழைய படம்போல் தோன்ற வேண்டும் என்னும் ஆசை இப்படத்திலும் உண்டு. ஆனால் ஆசையோடு பயனும் உண்டு. வண்ணப் படத்தில் குருதி சிவக்கும். கண் அச்சிவப்பில் நின்றுவிடும். கறுப்பு வெள்ளையில் குருதியும் சேறும் மழைநீரும் ஒன்றாகத் தெரிகின்றன. எது எது என்று காண்பவன் தன் உள்ளத்தால் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இவ்வாறு பாதி வேலையைக் காண்பவனிடம் விட்டுவிடுவதே சிக்கனமான படத்தின் வலிமை. பொருள் குறைந்த இடத்தில் கற்பனை வேலை செய்தே தீர வேண்டும்.

தமிழில் இதற்குச் சான்று 2012இல் கார்த்திக் சுப்பராஜ் எடுத்த முதல் படமான ‘பீட்சா’. மிகக் குறைந்த முதலில், பெரிய நடிகர் என்று எவரும் அப்போது இல்லாமல், ஒரு பங்களாவையும் ஒரு கைவிளக்கையும் கொண்டு நம்மை நடுங்க வைத்தார். அதிலும் பேய்க்கதை எதற்குப் பயன்படுகிறது என்பதை நோக்குக. முதலாளியின் கையிலிருந்து தப்ப ஓர் ஊழியன் பேயைத் துணைக்கு அழைக்கிறான். அங்கும் அச்சத்தின் வேர் இறையிடமே செல்கிறது.

அவ்வழியில் நாம் தொடர்ந்து சென்றோமா? 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2014இல் ‘அரண்மனை’ எனப் பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களே பெருகின. அவற்றை மக்கள் விரும்பிப் பார்த்தனர். யானும் குழந்தைகளோடு பார்த்து நகைத்திருக்கிறேன். ‘காஞ்சனா’வில் திருநங்கை ஒருவரின் துயரம் பேயின் குரலாக ஒலித்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும் இவ்வகைப் படங்களில் ஒரு குறை உண்டு. அஞ்ச வேண்டிய இடத்தில் படமே முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறது. பேயும் நகையும் பொருந்தா என்று சொல்ல வரவில்லை. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களைக் கொண்டு எத்துணையோ நகை விளைத்தார். ஆனால் அப்பேய்களின் பசி உண்மையான பசி. அப்பசியின்மேல்தான் அவர் நகையைக் கட்டினார். பேய்ப்படம் பார்க்கும் நண்பர்கள் சிரிக்கலாம். அது அஞ்சுவோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் முறை. அச்சிரிப்பையும் படமே நமக்காகச் சிரித்துத் தந்துவிட்டால், நாம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

‘பிரமயுகம்’ குறையற்ற படம் என்று கூறேன். முற்பாதியில் சொல்லாமல் உணர்த்திய பலவற்றைப் பிற்பாதியில் பாத்திரங்கள் வாயால் விளக்கத் தொடங்குகின்றன. விளக்கம் பெருகப் பெருக அச்சம் குறைகிறது. இறுதியில் வரும் போராட்டம் உடலளவில் நின்றுவிடுகிறது. பெண் என்று இப்படத்தில் நிலைத்துத் தோன்றுபவள் யட்சி ஒருத்தியே. அவளும் ஆடவரை மயக்கி அழிப்பவளாகவே வருகிறாள். பார்கவிக்குப் பஷீர் அளித்த மரியாதை இவளுக்குக் கிட்டவில்லை. அறுபது ஆண்டில் இதில் மட்டும் பின்னோக்கி நடந்திருக்கிறோம் என்பது வருத்தத்துக்குரியது. மம்மூட்டியின் நடிப்போ இக்குறைகளை மறக்கச் செய்யும் தரத்தது. குரலை உயர்த்தாமலே ஆணையிடும் வித்தையை அவரிடம் காணலாம். கேரள அரசின் சிறந்த நடிகர் விருது இப்பாத்திரத்துக்காக அவருக்கு வழங்கப்பட்டது பொருத்தமே.

படம் முடிந்து விளக்கேற்றியபின் எவரும் எழவில்லை. மழை நிற்கட்டும் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் தனியே தெருவில் இறங்க யாருக்கும் மனமில்லை. பேச்சு எங்களூர்ப் பேயின்பால் திரும்பியது. 1990களில் பெங்களூரில் வளர்ந்தோர் இதனை அறிவர். இரவில் ஒரு பெண்பேய் தெருத்தெருவாக வந்து, வீட்டாரின் குரலிலேயே அழைத்துக் கதவைத் தட்டும் என்றும், திறந்தவன் பிழையான் என்றும் வதந்தி பரவியது. அதற்கு மக்கள் கண்ட மாற்று, கதவில் ‘நாளே பா’ என்று எழுதிவைப்பது. கன்னடத்தில் ‘நாளை வா’ என்பது பொருள். பேய் அதனைப் படித்துத் திரும்பிவிடும். மறுநாளும் வந்து அதனையே படித்துத் திரும்பும். 2018இல் வெளிவந்த ‘ஸ்த்ரீ’ என்னும் இந்திப் படம் இக்கதையை எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில் குடியேற்றியது. எங்கள் வீட்டுக் கதவிலும் அவ்வெழுத்து இருந்தது. தமிழ்வீடாயினும் கன்னடத்திலேயே எழுதினார் தந்தையார். பேய் எம்மொழிப் பள்ளியில் படித்தது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

“நல்ல பேய் சார் அது. எழுதியதை மதித்தது” என்றார் கன்னட நண்பர். எல்லோரும் நகைத்தோம். ஆனால் மலையாள நண்பர் நகைக்கவில்லை. “போற்றி சொன்னதும் அதுதானே? இன்று வேண்டாம், நாளை போகலாம் என்றுதானே அந்தப் பாணனைப் பிடித்து வைத்தான்?” என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. காரணம் கூறுகிறேன். யான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ‘நாளைக்கு வாருங்கள்’ என்பதை ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறேன் என்று எண்ணியதில்லை. உரக்கச் சொல்வதில்லை, கடுமையாகச் சொல்வதில்லை, அமரச் சொல்லித்தான் சொல்வேன். பேயை விரட்ட எம் தந்தையார் கதவில் எழுதிய சொல், என் வாயில் வந்தபோது மனிதரை விரட்டும் சொல்லாயிற்று. பணயம் வைக்கப் பொருளில்லாதவரிடம் அவர்தம் காலத்தை வாங்கிக்கொள்வதில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் யானும் சிறிய அளவில் ஒரு போற்றியே. பேய்ப்படம் பார்க்கையில் நாம் பாணனின் பக்கத்தில் நின்றே அஞ்சுகிறோம். எதிர்ப்பக்கத்து இருக்கையிலும் நாம் அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

அடுத்த வேலைநாளில் ஓய்வூதியத் தாள் ஒன்றுக்காக ஒரு முதியவர் மூன்றாம் முறையாக வந்து நின்றார். ‘நாளை’ என்று வாயெடுத்தேன், சொல் முடியவில்லை. அவரை அமர்த்திவிட்டுத் தாளைத் தேடி எடுத்தேன். வேலை முடிய இருபது நிமிடமே ஆயிற்று. முன்னிரு முறையும் அவ்விருபது நிமிடம் என்னிடம் இருந்தது என்பதை எண்ணும்போது, அம்மனையின் சூதுப்பலகை மீண்டும் கண்முன் வந்தது. அவர் எழுந்து கைகூப்பி விடைபெற்றார். அவரைத் தலைநிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஊரைவிட்டுப் பெயர்ந்து வந்த குடும்பங்கள் நாம். சுடலைமாடனையும் முனியையும் நம் முன்னோர் ஊர் எல்லையிலேயே விட்டுவந்தனர். அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அஞ்சுவதற்கு ஒரு புளியமரமும் இல்லை. அஞ்சாமல் வளரட்டும் என்று நாம் மகிழலாம். ஆனால் கதையில் அஞ்சிப் பழகாதவர்க்கு, வாழ்வில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சலாகாது என்று பகுத்துணரும் வாய்ப்பும் குறைகிறது. ஆதலின் இத்தகைய படங்களைப் பிள்ளைகள் உரிய வயதை எட்டியபின் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். அண்டை வீட்டுக் கன்னடரையும் மலையாளியையும் அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிரிக்கட்டும். எந்த இடத்தில் அவர்கள் சிரிப்பு நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். விளக்கேற்றியபின் அந்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.